காற்று படக்கூடாது என்றேன்

புதுச்சேரியை விட்டுப் பிரான்சுக்குக் கிளம்பிய ஒரு குடும்பம் சாமான்களை விற்றது. விறகு பாய்லரை விட்டுவிட்டு, குழாயைத் திறந்ததுமே வெந்நீர் வரும் மண்ணெண்ணெய் ஹீட்டரைத் தேர்ந்தெடுத்தேன், பிரசவமான மகளுக்காக. "பச்ச ஒடம்பு, காத்து படக்கூடாது" என்று அதன் புகைக்குழாயைப் பொருத்தவே விடவில்லை. குளியலறைச் சுவரில் அதற்காகப் போட்ட ஓட்டையிலும் ஜன்னலிலும் துணியைத் திணித்தேன்.

குளிப்பாட்டும்போது, "அம்மா, தல சுத்துது" என்று மகள் என்மேல் சாய்ந்தாள். எனக்கும் கால் மடங்கியது. தாழ்ப்பாள் கைக்கு எட்டவில்லை. கூப்பிடக் குரலும் எழவில்லை.

"புள்ள அழுவுது, இன்னும் இன்னா பண்றீங்க?" என்று என் கணவர் கதவைத் தட்டினார். பதில் வராததால் இடித்து உடைத்து, எங்களை வெளியே இழுத்துப்போட்டார். முற்றத்துக் காற்றில்தான் இருவருக்கும் உயிர் வந்தது.

இப்போது வெந்நீரைக் கொல்லையில் காய்ச்சி வாளியில் கொண்டுபோகிறேன். குளியலறை ஜன்னலுக்குக் கதவே இல்லை, கழற்றிவிட்டேன். "புள்ள பெத்தவளுக்குக் காத்து படுமே" என்கிறாள் பக்கத்து வீட்டுக்காரி.

படட்டும்.