மடியில் வைத்த கை

போன ஞாயிற்றுக்கிழமை கோந்த்வாவில் ஒரு விழா. என் தங்கை மகளின் பெண், ஒன்பது வயது, மேடையேறிப் பாடினாள். நல்ல குரல். தமிழைத்தான் கொஞ்சம் கடித்துத் துப்பினாள். பரவாயில்லை, புனேயில் பிறந்து வளரும் பிள்ளைகள் எல்லாருக்கும் அதே கதைதான். பாட்டு முடிந்ததும் என்னையறியாமல் "வன்ஸ் மோர்!" என்று கத்திவிட்டேன். ஹாலில் இருந்த அத்தனை பேரும் போனைத் தூக்கிப் பிடித்துப் படமெடுத்துக்கொண்டிருந்தார்கள். அத்தனை போன்களும் என் பக்கம் திரும்பின.

"பெரீம்மா, சும்மா இருங்களேன்! ரெக்கார்ட் பண்ணியாச்சு. வீட்டுக்குப் போயி எத்தன தடவ வேணும்னாலும் பாத்துக்கலாம்" என்று தங்கை மகள் என் தொடையைக் கிள்ளினாள். அறுபதை நெருங்கும் வயதில் தொடையில் கிள்ளு வாங்கியவள் நானாகத்தான் இருப்பேன்.

வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தேன். ஹாலின் பின்பக்கம் படாட்டா வடை, நம்ம ஊர் உருளைக்கிழங்கு போண்டாதான், பொரித்துக்கொண்டிருந்தார்கள். அந்த வாசனை இருக்கிறதே, எண்ணெயும் பூண்டும் கொத்தமல்லியும் சேர்ந்தது, அது என்னைத் தூக்கிக்கொண்டு போய் நேராக ஒரு நாடக அரங்கின் ஆர்கன் முன்னால் உட்கார வைத்துவிட்டது. புனே நாடக அரங்குகளில் இடைவேளைக்கு வடை கிடையாது என்றால் பாதி ஜனம் வீட்டிலேயே இருந்துவிடும். நான் சொல்லவில்லை, தண்டபாணி அண்ணா சொன்னது.

தண்டபாணி அண்ணா எங்களைப் போலவே வேலூர்ப் பக்கத்துக் குடும்பம். ஆகுர்டியில் வண்டி செய்யும் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருஷம் பெயின்ட் அடித்தவர். மராட்டிக்காரர்கள் தெற்கத்தி ஆளைக் கண்டால் பால் குடிக்கிற பிள்ளையைக்கூட 'அண்ணா' என்றுதான் கூப்பிடுவார்கள். அதனால் அவர் எல்லாருக்கும் அண்ணா. அவருக்கு ஒரு பைத்தியம் உண்டு. மராட்டி சங்கீத நாடகம். வசனம் பேசிக்கொண்டே இருப்பார்கள், நடுவில் பாட்டு வரும், பாட்டு பிடித்துவிட்டால் சபை "வன்ஸ் மோர்" என்று எழுந்து கத்தும். உடனே கதையை அப்படியே நிறுத்திவிட்டு அதே பாட்டை மறுபடி பாட வேண்டும். செத்துக்கொண்டிருக்கிற பாத்திரமாக இருந்தாலும் எழுந்து உட்கார்ந்து பாடிவிட்டு அப்புறம்தான் சாகலாம். வன்ஸ் மோர் வாங்காத பாட்டுக்காரியை இந்த ஊரில் யாரும் பாட்டுக்காரி என்று ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

தொழிற்சாலையில் விருப்ப ஓய்வு கொடுத்தபோது அண்ணா கையில் ஒரு தொகை வந்தது. கோந்த்வாவில் ஒரு வீட்டுக்கு முன்பணம் கட்டினார். அவர் மனைவி சரோஜா அக்கா திரைச்சீலைக்கு நிறம்கூடப் பார்த்து வைத்துவிட்டார். மூன்றே மாதம். அண்ணா முன்பணத்தைத் திரும்ப வாங்கி ஒரு நாடகத்தில் போட்டார். அதுவும் எப்படிப்பட்ட நாடகம்? ஊரே மனப்பாடமாகப் பாடுகிற பழைய நாடகம் என்றால்கூடப் பரவாயில்லை. இவர் போட்டது புத்தம் புதுசு. புதுக் கதை, புதுப் பாட்டு.

"பழசத்தான் எல்லாரும் போடுறான். புதுசு எவன்தான் போடுவான், சொல்லு?" என்பார்.

அதில்தான் சிக்கல். தெரியாத பாட்டைக் கேட்க யாரும் டிக்கெட் எடுப்பதில்லை. யாரும் வராவிட்டால் அந்தப் பாட்டு யாருக்கும் தெரியப் போவதில்லை. வெறும் வசன நாடகம் என்றால் நாலு நாற்காலி, ஒரு சோபாவோடு போய்விடும். சங்கீத நாடகத்துக்கு ஆர்கன், தபலா, பாடத் தெரிந்த நடிகர்கள், அவர்களுடைய தொண்டைக்கு ஃபிளாஸ்கில் வெந்நீர் வரை வேண்டும். ஒவ்வொரு காட்சியும் அண்ணாவின் கையைக் கடித்தது.

நான் அந்த ஆர்கன்காரி. கோர்படி ரயில்வே காலனியில் வளர்ந்து, பள்ளிக்கூடப் பிரார்த்தனை ஹாலில் காலால் மிதித்து வாசிக்கிற பெட்டியில் பழகியவள். ராணுவக் கணக்கு அலுவலகத்தில் வேலை. காட்சி இருக்கிற நாளெல்லாம் அரை நாள் லீவு. எங்கள் அம்மா, "இன்னாடி இது, கவர்மென்ட் வேலய வுட்டுட்டு பொட்டி மிதிக்கப் போறியே, இதுக்கு சைக்கிள் மிதிச்சாக்கூட ஊடு வந்து சேரலாம்" என்று வாசல்வரை வந்து வாழ்த்தி அனுப்புவாள்.

அரை நாள் லீவு எதற்கு என்று கேட்பீர்கள். நல்ல நேரமெல்லாம் ஓடுகிற நாடகங்களுக்குப் போய்விடும். எங்களுக்குக் கிடைத்தது வார நாளில் பகல் பன்னிரண்டரை. புனேக்காரர்களுக்கு மத்தியானத் தூக்கம் எவ்வளவு முக்கியம் என்று உங்களுக்குத் தெரியுமோ என்னவோ. கடைக்காரனே ஷட்டரை இறக்கிவிட்டுப் படுக்கிற நேரத்தில் நாங்கள் திரையைத் தூக்குவோம்.

இதற்கு அண்ணா ஒரு தந்திரம் செய்தார், கேளுங்கள். டிக்கெட் ஜன்னலில் 'பிளான்' என்று ஒரு பெரிய தாள் ஒட்டியிருக்கும். எல்லா இருக்கையும் கட்டம் கட்டமாக. விற்ற கட்டத்தில் பென்சிலால் கோடு போடுவார்கள். வெறும் வெள்ளைத் தாளாக இருந்தால் ஜனம் வராது என்று அண்ணா முன் பத்து வரிசையிலும் தானே கோடு இழுத்துவிட்டார். கூட்டம் இருக்கிறதென்று நினைத்து ஜனம் முண்டியடிக்குமாம். வந்தவர்கள் பிளானைப் பார்த்தார்கள். "முன்னால இடம் இல்லையா? அப்ப வேணாம்" என்று ஆளாளுக்குத் திரும்பிப் போனார்கள். புனேக்காரன் பின் வரிசையில் உட்கார்ந்து நாடகம் பார்த்துவிட்டால் அப்புறம் நாலு பேர் முகத்தில் எப்படி முழிப்பது! அன்றைக்கு முன் பத்து வரிசையும் காலி. நடிகர்கள் இருட்டைப் பார்த்து நடித்தார்கள். அண்ணா தன் தலையில் தானே குட்டிக்கொண்டார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

இடைவேளையில் எல்லாருக்கும் கவர் கொடுப்பது அங்கே வழக்கம். அன்றைய சம்பளம் அன்றைக்கே. ஒருநாள் திரை தூக்குவதற்கு முன்னால் அண்ணா என்னிடம் வந்து நின்றார். "தோ பாரும்மா, இன்னிக்கி உன் கவர்ல ஒண்ணும் இருக்காது. ஆனா எல்லாரு எதிர்லயும் வாங்கிக்க. உனுக்குக் குடுக்கலன்னு தெரிஞ்சா மத்தவங்க பயந்துடுவாங்க." வாங்கினேன். உள்ளே செய்தித்தாளை மடித்து வைத்திருந்தார். மேலே என் பெயரைக்கூட எழுதியிருந்தார், பாவி மனுஷன். அப்புறம் பல கவர்கள் அப்படித்தான் வந்தன.

நாடகத்தின் உயிர் நளினி தாயி. மராட்டியில் அக்காவைத் தாயி என்பார்கள். பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர், நாற்பது வயதுக்கு மேல்தான் முதல் பெரிய வேஷமே கிடைத்தது. இரண்டாம் அங்கத்தில் அவருக்கு ஒரு பாட்டு உண்டு. பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருந்தாலும் அந்தப் பன்னிரண்டு பேரும் எழுந்து வன்ஸ் மோர் கேட்பார்கள். தாயி தலையைக் குனிந்து வாங்கிக்கொள்வார். நான் சுருதி எடுத்துக் கொடுப்பேன். மறுபடி பாடுவார். முதலில் பாடியதைவிட இரண்டாவது எப்போதும் உசத்தி.

அந்தப் பாட்டுதான் அண்ணாவின் தலையில் இடியாக இறங்கியது. நாலு மணிக்கு அரங்கைக் காலி செய்து கொடுக்க வேண்டும். சாயங்கால நாடகத்துக்காரர்களின் லாரி வாசலில் நிற்கும். ஐந்து நிமிஷம் தாண்டினாலும் பாதி வாடகை அபராதம். ஜனம் எவ்வளவு ரசித்ததோ அவ்வளவுக்கு அவர் நஷ்டப்பட்டார். இப்படி ஒரு கொடுமையை வேறு எந்தத் தொழிலிலாவது கேள்விப்பட்டிருக்கிறீர்களா?

பதினெட்டாவது காட்சி முடிந்ததும் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். முகம் சுண்டிப்போயிருந்தது.

"அவங்ககிட்ட நான் சொல்ல முடியாதும்மா, மனசு ஒடஞ்சிடுவாங்க. நீ சுருதி குடுத்தாதான அவங்க பாடுவாங்க? நாளையிலருந்து கைய எடுத்து மடில வச்சிக்க. இருவத்தஞ்சு ஆட்டம் வரைக்கும் இழுத்துட்டா போதும். கேசட் போட்டுடலாம். பாட்டு ஜனங்க காதுல வுழுந்துட்டா அப்பால தானா ஓடும்."

நானும் சரி என்றேன். யோசிக்கக்கூட இல்லை. அரசாங்கக் குமாஸ்தா அல்லவா, மேலிடத்து உத்தரவு என்றால் கை தானாகக் கட்டுப்படும்.

பத்தொன்பதாவது காட்சி. பள்ளி விடுமுறையோ என்னவோ, என்றுமில்லாத கூட்டம், பாதி அரங்கு நிறைந்துவிட்டது. தாயி அன்றைக்குப் பாடியதை எப்படிச் சொல்வேன்? ஆர்கனை மிதிக்க மறந்து காற்றில்லாமல் இரண்டு சுரம் விட்டுவிட்டேன், அவ்வளவுதான் சொல்லத் தெரிகிறது. பாட்டு முடிந்ததும் கூரை பிய்ந்துவிடும் போலக் கத்தினார்கள். வன்ஸ் மோர். தாயி புன்சிரிப்போடு என் பக்கம் திரும்பினார். நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். மூன்று இருபது. இரண்டு கையையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

மறுபடி கத்தினார்கள். தாயி மறுபடி பார்த்தார். கண்ணாலேயே கேட்டார். மூன்றாம் தடவையும் கேட்டார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். தாயி சபையைப் பார்த்துக் கைகூப்பினார். அடுத்த வசனத்தைப் பேச ஆரம்பித்துவிட்டார். குரல் மட்டும் கொஞ்சம் உடைந்திருந்தது.

நாலு அடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது திரை விழுந்தது. அண்ணா ஓடிவந்து, "காப்பாத்திட்டம்மா!" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் பார்த்ததில்லை. அப்போதுதான் மூன்றாம் வரிசையிலிருந்து ஒருவர் உள்ளே வந்தார். ஒரு சர்க்கரை ஆலை ஊரின் நாடக சபைக்காரர். பிடித்திருந்தால் தங்கள் பக்கத்து ஊர்களில் பத்துக் காட்சிகளை ஒரு விலை பேசி மொத்தமாக எடுத்துக்கொள்வதாக இருந்தார்களாம். எங்களிடம் சொல்லாமலே பார்க்க வந்திருக்கிறார். அண்ணாவுக்கே தெரியாது.

"பாட்டு பிரமாதம். ஆனா அந்தம்மா சபைய மதிக்கல. மூணு தடவ கேட்டும் பாடலயே? எங்க ஊர் ஜனங்க வன்ஸ் மோருக்குத்தான் டிக்கெட்டே வாங்குறாங்க. நான் என்னன்னு பதில் சொல்றது?" என்றார் மராட்டியில். அண்ணா என்னென்னவோ சொன்னார். அரங்கு வாடகை, நாலு மணி, அபராதம். அந்த ஆள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். வண்டிக்கு நேரமாகிறது என்று போய்விட்டார்.

நான் அழுதேன். அண்ணா என்னைத் திட்டியிருக்கலாம். திட்டவில்லை. "நான் சொன்னதத்தான நீ செஞ்ச? போ, வட ஆறிப்பூடும், தின்னு" என்றார். அவர் போய்ப் படிக்கட்டில் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

தாயி ஒப்பனை அறையில் தலையிலிருந்து பூவை எடுத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்ணாடியில் பார்த்து ஒன்றுதான் சொன்னார். "நேரம் ஆவுதுன்னு எங்கிட்டயே சொல்லியிருந்தா, நானே ஜனங்ககிட்ட கைகூப்பிச் சொல்லியிருப்பேனே. ஏதோ தப்பாப் பாடிட்டேன்னு நெனச்சேன்." கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

இருபதாவது காட்சிக்குப் பேப்பரில் விளம்பரம் வரவில்லை. முடிந்துவிட்டது என்று யாரும் யாருக்கும் சொல்லவில்லை. செட்டும் கதைப் பிரதிகளும் கிடந்த கிடங்குக்கு வாடகை கட்ட வழியில்லாமல், கிடங்குக்காரர் எல்லாவற்றையும் பழைய சாமான்காரனுக்குப் போட்டுவிட்டார். நாடகத்தை எழுதியவர் கோபித்துக்கொண்டு மும்பைக்குப் போனார், அங்கேயே காலமானார். அண்ணா தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, ஒரு குடியிருப்பில் காவல் வேலைக்குப் போனார். சரோஜா அக்கா ஒரே அறை வாடகை வீட்டிலேயே பிள்ளைகளை வளர்த்தார். நாடகத்தை அவர் ஒருநாளும் வந்து பார்க்கவில்லை. "என் ஊட்ட முழுங்கினத நான் போயி கைதட்டிப் பாக்கணுமா?" என்று கேட்டாராம். நியாயம்தானே.

நளினி தாயி கொரோனாவில் போனார். தண்டபாணி அண்ணா போய் இரண்டு வருஷம் ஆகிறது.

அவருடைய முதல் திதி கழிந்த வாரம் சரோஜா அக்கா பஸ் மாறி மாறி கோர்படிக்கு என் வீடு தேடி வந்தார். முழங்கால் வலியோடு மாடியேறி, தண்ணீர்கூடக் குடிக்காமல் உட்கார்ந்தார்.

"அந்த நாடகத்துல ஒரு பாட்டு வருமாமே. அத ஒருக்கா வாசிச்சிக் காட்றியா?"

ஆர்மோனியத்தை எடுத்தேன். இத்தனை வருஷத்தில் அந்தப் பாட்டைத் தொட எனக்குத் தைரியம் வந்ததில்லை. ஆனாலும் விரல் எதையும் மறக்கவில்லை. முழுப் பாட்டையும் வாசித்தேன். அக்கா கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டினார். முடிந்ததும் கண்ணைத் திறந்தார்.

"இதேதாம்மா. குளிக்கும்போது, பூட்டப் பூட்டும்போது, ஆஸ்பத்திரியிலகூட இதத்தான் முணுமுணுத்துகினு இருந்தாரு. வெறும் மெட்டுதான். வார்த்த இன்னான்னு கடைசிவரைக்கும் நான் கேக்கவே இல்ல. எம்மேல கோவமா, இல்ல எனக்காகப் பாடினாரான்னுகூடத் தெரியல. வார்த்தைக்காகத்தாம்மா உங்கிட்ட வந்தேன்."

மழையைப் பற்றி ஏதோ ஒரு வரி வரும். அதற்கு மேல் எனக்கும் தெரியாது. பத்தொன்பது காட்சியிலும் நான் கேட்டது சுருதியை மட்டும்தான்.