குணேஸ் அக்கா அழித்த கப்பல்கள்

குணேஸ்வரி அக்கா எந்தப் புத்தகத்தை வாசித்தாலும் அதன் ஓரத்தில் பென்சிலால் திகதி, இடம், நேரம் மூன்றையும் எழுதுவார். மாவட்ட அரசாங்க அலுவலகமான கச்சேரியில் இருபத்திரண்டு வருடமாக எழுதுவினைஞர். திகதியில்லாத கடிதத்தை அவர் கோவையில் சேர்ப்பதே இல்லை. அந்தப் பழக்கம் அலுவலகத்துக்கு வெளியிலும் அவரை விடவில்லை. கதை எழுதுகிறவர் என்பதால் அந்த மூன்றோடு நிற்காமல், அந்த நேரத்தில் கண்ணுக்கு முன்னால் இருந்ததையும் ஒரு வரி எழுதிவைப்பார். கடல் தெரிகிற இடமென்றால் நிற்கிற கப்பல்களை எண்ணி, பக்கத்தில் சின்னதாகப் படமும் கீறுவார்.

யுத்தம் நடக்கிற துறைமுகப் பட்டினத்தில் இது எப்படிப் பார்க்கப்படும் என்று அவர் யோசிக்கவில்லை. புத்தகங்களை ஒருவருக்கும் இரவல் கொடுத்ததில்லை என்பதால் யோசிக்க வேண்டியும் வரவில்லை. முதன்முதலாக எனக்குத்தான் கொடுத்தார்.

தொண்ணூற்றெட்டாம் ஆண்டு மாசியில் நான் ஊருக்குத் திரும்பினேன். சென்னை, பாங்கொக், பேர்லின் என்று ஏழு வருடம் அலைந்துவிட்டு அன்புவழிபுரத்தில் அம்மாவின் வீட்டில் வந்து இருந்தால், மூன்றாம் நாளே கால் தரிக்கவில்லை. பக்கத்து வீடு குணேஸ் அக்காவுடையது. இரண்டு அறை, தகரக் கூரை, சுவரோரம் அலுமாரி நிறையப் புத்தகம். பகலில் அந்தக் கூரையின் கீழ் ஒருவராலும் இருக்க ஏலாது. அதனால் அவர் வாசித்ததெல்லாம் வெளியில்தான். உவர்மலைச் சரிவில் ஒரு கல், நூல்நிலையத்தின் கிழக்கு யன்னல், மூதூருக்கு ஆட்களை ஏற்றிப்போகிற லோஞ்ச் படகு புறப்படுகிற ஜெட்டிக்குப் பக்கத்தில் லாபிர் நானாவின் தேநீர்க்கடை.

“இப்ப ஒண்டும் எழுதுறதில்லையா அக்கா?” என்று கேட்டேன். முன்பு சஞ்சிகைகளில் அவருடைய கதைகள் வரும். பன்னிரண்டோ பதின்மூன்றோ வந்திருக்கும்.

“களைப்பா இருக்குப் பிள்ளை. ஒரு வரி எழுதினா அதை ஆர் ஆர் எப்பிடி வாசிப்பினம் எண்டு நாலு பக்கமும் யோசிக்க வேண்டிக் கிடக்கு. வாசிக்கிறதெண்டா அந்தக் கரைச்சல் இல்லைத்தானே.”

பிறகு அலுமாரியிலிருந்து ஒரு தடித்த ருஷ்ய நாவலின் மொழிபெயர்ப்பை எடுத்துத் தந்தார். “கால் ஊண்டி ஒரு இடத்தில இருக்கப் பழகும். இதை முடிக்க உமக்கு ஒரு மாசம் செல்லும்.”

அடுத்த நாள் நான் அதைக் கைப்பையில் போட்டுக்கொண்டு பட்டினத்துக்குப் பஸ் ஏறினேன். சோதனைச் சாவடியில் எல்லோரையும் இறக்கினார்கள். என் பையைக் கிண்டிய சிப்பாய்க்குத் தமிழ் கொஞ்சம் பேச வரும், வாசிக்கத் தெரியாது. ஆனால் இலக்கங்கள் தெரியும், கப்பலின் படமும் தெரியும். 5.10, அதன் பக்கத்தில் இரண்டு கப்பல். 4.45, நான்கு கப்பல். பக்கங்களைப் புரட்டப் புரட்ட அவன் முகம் மாறியது.

“இது யாரு எழுதினது?”

பிற ஊர்களில் ஏழு வருடமாகச் சீருடைக்காரர் கேட்டதற்கெல்லாம் உள்ளதைச் சொல்லிப் பழகியிருந்தேன். கேட்டான், சொன்னேன். பெயர், வீடு, வேலை செய்கிற இடம் எல்லாவற்றையும். பின்னால் நின்ற ஒரு வயதான பெண் என் முதுகில் விரலால் குத்தினார். அது எதற்கென்று எனக்கு விளங்கியபோது அவன் எழுதி முடித்துவிட்டான். புத்தகத்தையும் தானே வைத்துக்கொண்டான்.

மாலையில் போய் விஷயத்தைச் சொன்னேன். குணேஸ் அக்கா அரிசி களைந்துகொண்டிருந்தார். கையை எடுக்கவில்லை.

“பேரைச் சொன்னனீரோ?”

“ஓம் அக்கா.”

“அட்ரசும்?”

“ஓம்.”

“கச்சேரியையும் சொல்லியிருப்பீர்.” அவர் தண்ணீரை வடித்தார். “விண்ணப்பப் படிவத்தைக்கூட உம்மளவுக்கு ஒருத்தரும் வடிவா நிரப்பித் தாறதில்லை.”

திட்டியிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும்.

அன்றிரவே ஒருவன் வந்து, மறுநாள் காலை பத்து மணிக்கு இராணுவ முகாமுக்கு வரும்படி சொல்லிவிட்டுப் போனான். அக்காவுக்குச் சிங்களம் அலுவலகக் கடிதம் விளங்குகிற அளவுக்குத்தான் தெரியும். எனக்கு அதுவும் இல்லை. லாபிர் நானா கடையைப் பூட்டிவிட்டு எங்களோடு வந்தார். தோப்பூரில் பிறந்தவர், ஐம்பது வயது, சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. தமிழில் அவருக்குச் ‘சொல்’ எல்லாம் ‘செல்’தான்.

“மிஸ், என்னத்தையும் கூட்டிச் செல்லாதீங்க, குறைச்சும் செல்லாதீங்க,” என்று வழி முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தார். “நான் செல்றன், நீங்க தலைய மட்டும் ஆட்டுங்க.”

“நான் என்ன மாடோ லாபிர், தலையாட்ட?”

அதிகாரி என் வயதுதான் இருப்பான். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது, இரண்டு நாள் நித்திரை இல்லாதவன் போல. மேசையில் நாவல் கிடந்தது. இந்தக் கப்பல் கணக்கெல்லாம் யாருக்காக என்று கேட்டான். ஒருவருக்காகவும் இல்லை, வாசிக்கும்போது எழுதுகிற குறிப்பு என்று லாபிர் நானா சொன்னார். அப்படியென்றால் முதல் பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாக வாசிக்கட்டும் என்றான்.

அக்கா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கச்சேரியில் கோவை வாசிக்கிற அதே குரலில் தொடங்கினார்.

“12.3.94. உவர்மலை. மாலை 5.10. இரண்டு கப்பல். ஒன்று சாம்பல் நிறம். இந்தப் பெண் அவனைக் கட்டப்போவதில்லை என்று எனக்கு இப்போதே தெரிகிறது.”

லாபிர் நானா மொழிபெயர்த்தார்.

“20.3.94. நூல்நிலையம். காலை 9.30. மின்சாரம் இல்லை. யன்னலுக்கு வெளியே, பட்டினத்தில் திரிகிற மான்களில் ஒன்று சுவரொட்டியைத் தின்கிறது. இந்த அத்தியாயத்தில் மழை அதிகம்.”

லாபிர் நானா சொல்லி முடிக்க, அதிகாரியின் பின்னால் நின்றவன் சிரிப்பை அடக்கிக்கொண்டான்.

“2.4.94. லாபிரின் கடை. மாலை 4.45. நான்கு கப்பல்.” அக்கா நிறுத்தினார்.

“வாசிக்கச் செல்றார் மிஸ்.”

“தேநீர் வெறும் சுடுதண்ணீர். சீனி இருக்கிறது, தேயிலைச் சாயம் இல்லை.”

லாபிர் நானா அவரைப் பார்த்தார். “இதையும் நானா மிஸ் செல்லணும்?”

“கூட்டவும் வேண்டாம் குறைக்கவும் வேண்டாமெண்டு நீங்கதானே சொன்னீங்கள்.”

அவர் சொன்னார். அதிகாரி முதல் தடவையாகச் சிரித்தான், உடனே நிறுத்தியும் கொண்டான். ஒன்றரை மணித்தியாலம் வாசிப்பு நடந்தது. கடைசியில் அவன் சொன்னதை லாபிர் நானா மெதுவாகச் சொன்னார். அவன் இதை நம்புகிறான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை அன்புவழிபுரத்தில் வீடுவீடாகத் தேடுதல் நடக்கும், அதற்கு வேறு அணி வரும். இடம், நேரம், கப்பல் என்று ஒரு வரியாவது எந்தப் புத்தகத்திலாவது இருந்தால் அவர்கள் எல்லாவற்றையும் லொறியில் ஏற்றிக்கொண்டு போவார்கள். ஆளையும் கொண்டு போவார்கள். அதற்கு அவன் பொறுப்பில்லை. நாவலை அக்காவிடமே திருப்பித் தந்தான்.

அன்று செவ்வாய்க்கிழமை.

“எரிச்சிருங்க மிஸ்,” என்றார் லாபிர் நானா, வெளியே வந்ததும். “உசிர் இருந்தா மறுகா வாங்கலாம்.”

“எல்லாம் பென்சில்தானே. அழிக்கலாம்,” என்றார் அக்கா.

இருநூற்றுப் பதினாலு புத்தகங்கள். அக்கா லீவு போட்டார். நான் கடையில் இருந்த அழிறப்பர் முழுவதையும் வாங்கி வந்தேன். புதன்கிழமை காலை முற்றத்து வேப்பமர நிழலில் பாயைப் போட்டு உட்கார்ந்தோம். ஒருவர் பக்கம் புரட்டிக் குறிப்பைத் தேடுவது, மற்றவர் அழிப்பது என்று தொடங்கி, அது சரிவராமல் ஆளுக்கொரு அடுக்கை எடுத்துக்கொண்டோம். முதல் நாள் முடிவில் என் பெருவிரல் தோல் வழன்றுவிட்டது. பாயெல்லாம் கறுத்த றப்பர் துகள்.

அழிப்பதற்கு முன் வாசிக்காமல் இருக்க என்னால் முடியவில்லை. எழுபத்தாறில் அவர் வேலைக்குச் சேர்ந்த புதிதில் வாசித்தது, மதியச் சாப்பாட்டு நேரத்தில், கடற்கரையில். அந்தக் கரையில் இப்போது முட்கம்பி. சீனன்குடாவில் பெரியம்மா வீட்டுக்குப் போயிருந்தபோது எண்ணெய்த் தாங்கி ஒன்றின் நிழலில் வாசித்த துப்பறியும் கதை. ‘கொலைகாரன் யாரென்று மாடு மேய்க்கிறவருக்கும் தெரியும்’ என்று ஓரத்தில் இருந்தது. அங்கேயும் இப்போது போக ஏலாது. எண்பத்தைந்தில் எட்டு மாதம் ஒரு குறிப்பும் இல்லை. பிறகு ஒரு கோயில் மடத்தில், தெரியாத ஊரில், அகதியாக இருந்து வாசித்தது.

“எட்டு மாசம் வாசிக்கேல்லையா அக்கா?”

“வாசிச்சனான். எழுத ஒரு பென்சில் இருக்கேல்ல.”

அவர் தன்னுடைய அடுக்கை வாசிக்கவில்லை. ஓரத்தை மட்டும் பார்த்து, அழித்து, ஊதி, மூடி வைத்தார். வியாழனும் வெள்ளியும் அப்படியே போயின. இடையில் பேசுவதற்கும் களைப்பாக இருந்தது. என்னால் வந்த வேலை என்று ஒரு தடவைகூட அவர் சொல்லிக்காட்டவில்லை. கஞ்சி காய்ச்சித் தந்தார். “உப்புக் காணுமோ?” என்று மட்டும் கேட்டார்.

சனிக்கிழமை மத்தியானம் என் அடுக்கில் கடைசியாக ஒரு மெல்லிய புத்தகம் இருந்தது. பனிமலையில் நடந்துபோன ஒருவருடைய பயணக் கதை. நடுப் பக்கத்தில் ஒரே ஒரு குறிப்பு. தேய்த்தேன், போகவில்லை. இன்னும் அழுத்தித் தேய்த்தேன், கடதாசிதான் மயிர்விட்டது. நீல மை.

‘9.6.90. ஜெட்டி. காலை 7.20. மூன்று கப்பல். தம்பி லோஞ்சில் ஏறினான்.’

அக்காவின் தம்பி குணரத்தினம் கடலுக்கு அந்தப் பக்கம் தோப்பூர்க் கூட்டுறவுச் சங்கக்கடைக்கு வேலைக்குப் போன கதை எனக்குத் தெரியும். அடுத்த வாரம் சண்டை தொடங்கியது. அவன் திரும்பி வரவில்லை. எங்கே, எப்படி என்று சொல்லவும் ஒருவரும் வரவில்லை.

நான் புத்தகத்தை அக்காவிடம் நீட்டினேன். வாசித்துவிட்டுக் கையிலிருந்த றப்பரைப் பாயில் வைத்தார்.

“பென்சில் முனை உடைஞ்சு போச்சு. அவன்ர பேனையை வாங்கி எழுதினன். லோஞ்ச் வெளிக்கிட்டிட்டுது, திருப்பிக் குடுக்கேல்ல.”

“பேனை இருக்கா?”

“மை முடிஞ்சாப் பிறகு எறிஞ்சிட்டன். அது என்ன, சாதாரணப் பேனைதானே.”

பக்கத்தைக் கிழித்துவிடலாம் என்றேன். வேண்டாம் என்றார். என்னிடம் தாருங்கள், கொண்டுபோய் எங்கேயாவது ஒளித்து வைக்கிறேன் என்றேன்.

“நீர் கொண்டுபோனது காணும் பிள்ளை.” அதைச் சொன்னபோதும் அவர் குரல் உயரவில்லை. எழுந்து முகத்தைக் கழுவிவிட்டு வந்து, அலுவலகத்துக்குப் போகிற சேலையைக் கட்டினார். “ஒளிச்சு வைச்சு அம்பிட்டா அது களவுப் புத்தகம். நானே கொண்டுபோய்க் காட்டினா அது ஒரு புத்தகம், அவ்வளவுதான். லாபிரைக் கூப்பிடும்.”

லாபிர் நானா தலையில் கை வைத்தார். “விட்ட புலியிர வாயில திரும்பவும் தலைய வெக்கப் போறீங்களா மிஸ்?” என்றாலும் கடையைப் பூட்டிவிட்டு வந்தார்.

அதே அதிகாரி. முகாம் வாசலில் இருந்த மர வாங்கில் எங்களை ஒரு மணித்தியாலம் இருத்தி வைத்துவிட்டுத்தான் கூப்பிட்டான். அக்கா புத்தகத்தை விரித்து, இருநூற்றுப் பதின்மூன்று அழித்தாயிற்று, இது ஒன்று மை, அழியவில்லை என்று சொல்லி அந்த வரியை வாசித்தார். லாபிர் நானா மொழிபெயர்த்தார்.

தம்பி திரும்பி வந்தாரா என்று அதிகாரி கேட்டான். இது மொழிபெயர்க்காமலே அக்காவுக்கு விளங்கியது.

“இல்லை சேர்.”

அவன் புத்தகத்தை அக்காவின் பக்கம் தள்ளினான். சரி, கொண்டுபோகலாம் என்று கையைக் காட்டினான். அக்கா எழும்பவில்லை.

“லாபிர், இவருக்குச் சொல்லுங்கோ. நாளைக்கு வாற ஆக்களுக்கு இவர் சரி சொன்னது தெரியாது. இதில ஒரு கையொப்பம் போட்டுத் தரச் சொல்லுங்கோ.”

“மிஸ்…”

“சொல்லுங்கோ.”

அதிகாரி அவரைப் பார்த்தான், புத்தகத்தைப் பார்த்தான். பிறகு சட்டைப் பையிலிருந்து பேனையை எடுத்து, தம்பி லோஞ்சில் ஏறிய வரிக்குக் கீழே கையொப்பமிட்டான். அக்கா அசையவில்லை. விரலால் அந்த இடத்தைத் தொட்டுக் காட்டினார்.

“திகதி, இடம், நேரம். அது இல்லாட்டிச் செல்லாது சேர்.”

அவன் அதையும் எழுதினான்.

ஞாயிற்றுக்கிழமை வேறு அணி வந்தது. அலுமாரியைக் கலைத்தார்கள், ஏழெட்டுப் புத்தகங்களை உதறிப் பார்த்தார்கள். மை எழுத்தைக் கண்டவன் கீழே இருந்த கையொப்பத்தை இரண்டு தரம் பார்த்துவிட்டு மூடி வைத்தான். புத்தகங்கள் எல்லாம் வீட்டிலேயே இருந்தன.

திங்கட்கிழமை மாலை வேலை முடிந்து அக்கா ஜெட்டிப் பக்கம் வந்தார். நான் முன்னமே கடையில் இருந்தேன். தன் வழமையான கதிரையில் உட்கார்ந்து, முகாமிலிருந்து திருப்பி வாங்கிய ருஷ்ய நாவலை விரித்தார். ஓரமெல்லாம் வெளுத்துத் தேய்ந்திருந்தது. இரண்டாம் தடவை வாசிப்பதற்குத்தான் எடுத்திருந்தார், ஆனால் முதல் தடவை எந்த அத்தியாயத்தை எங்கே உட்கார்ந்து வாசித்தது என்று இப்போது நினைவில்லை என்றார்.

லாபிர் நானா தேநீரை வைத்தார். “சாயம் கூடப் போட்டிருக்கன் மிஸ். மறுகா எழுதிப் போடாதீங்க.”

“எழுத மாட்டன்.”

“எத்தின கப்பல் நிக்குது இண்டைக்கு?”

“நான் பாக்கேல்ல லாபிர்,” என்று சொல்லிவிட்டு அவர் பக்கத்தைப் புரட்டினார்.

மூன்று நின்றன. நான் சொல்லவில்லை.