சிவப்புக் கோடு போட்ட புத்தகம்

என் மாமனாருக்கு இரண்டு மாப்பிள்ளைகள். மூத்த மகளைக் கட்டியவன் நான். சிந்தாதிரிப்பேட்டையில் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கிறேன். எட்டாவதோடு பள்ளிக்கூடம் முடிந்தது. இளைய மகளைக் கட்டியவர் வங்கியில் அதிகாரி. நங்கநல்லூரில் சொந்த வீடு.

மாமனார் தி.நகர் ஜவுளிக்கடையை மகன் கையில் கொடுத்துவிட்டு அபிராமபுரத்து வீட்டில் உட்கார்ந்து படிக்கிறவர். எல்லாம் அரசியல் புத்தகம். கோயிலை அரசாங்கம் விட்டுவிட வேண்டும், வியாபாரியைத் தொந்தரவு செய்யக் கூடாது, குடும்பம் கலையக் கூடாது, தேசம்தான் முதலில் என்று பேசுவார். பழமைவாதி என்று யாராவது சொன்னால் கோபித்துக்கொள்ள மாட்டார். சந்தோஷப்படுவார். எனக்கும் அவர் சொல்வதெல்லாம் சரி என்றுதான் படும். என்னிடம் அவர் கேட்டதில்லை.

சகலை ஒவ்வொரு தீபாவளிக்கும் அவருக்கு ஒரு புத்தகம் கொண்டுவருவார். வண்ணக் காகிதம் சுற்றியிருக்கும். மாமனார் அதைப் பூஜை அறையில் வைத்து, முதல் பக்கத்தில் குங்குமம் வைத்துவிட்டு வந்து உட்காருவார். பிறகு சாப்பாடு வரை இரண்டு பேரும் பேசுவார்கள். சகலை ஏதாவது சொல்ல, மாமனார் தொடையில் தட்டிச் சிரிப்பார். நான் அதிரசத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு எதிரில் இருப்பேன். என்னிடம் திரும்பினால், "சாப்பிட்டீங்களா மாப்ளே?" என்று கேட்பார். சகலையிடம் அதைக் கேட்டு நான் பார்த்ததில்லை.

சகலை கெட்ட மனிதர் இல்லை. என் பிள்ளைக்குக் கல்லூரி விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்தவர். அதனால் அவரைத் திட்டவும் முடியாது. வயிறு மட்டும் எரியும். பதினாறு தீபாவளி எரிந்தது.

போன வருஷம் நானும் ஒரு புத்தகம் கொடுப்பது என்று முடிவு செய்தேன்.

எதைக் கொடுப்பது என்று தெரியவில்லை. சரஸ்வதி பூஜை வந்தது. அலமாரியிலிருந்து புத்தகங்களை இறக்கித் துடைத்து அடுக்க மாமியார் என்னைக் கூப்பிட்டார். கனமான வேலைக்கு என்னைத்தான் கூப்பிடுவார்கள். துடைக்கும்போது ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். சகலை கொடுத்தவை கண்ணாடிக்குப் பின்னால் புதிதாகவே இருந்தன. குங்குமப் பொட்டைத் தவிர ஒரு அழுக்கு இல்லை. கீழ்த்தட்டில் மூன்று புத்தகங்கள் இருந்தன. மூன்றும் ஒரே ஆள் எழுதியவை. முதுகு உடைந்திருந்தது. பக்கத்துக்குப் பக்கம் சிவப்புப் பென்சில் கோடு. ஓரத்தில் படிக்க முடியாத கிறுக்கல்.

எனக்குப் புரிந்துவிட்டது என்று நினைத்தேன். ஓடின மோட்டாரில்தான் தேய்மானம் இருக்கும். ஓடாதது பளபளவென்று இருக்கும். அப்படியென்றால் மாமனாருக்குப் பிடித்த ஆள் இவர்தான். சகலைக்கு இத்தனை வருஷம் இது தெரியவில்லை. போனில் அட்டையைப் படம் எடுத்துக்கொண்டேன். அன்றைக்குச் சுண்டல் ருசியாக இருந்தது.

மயிலாப்பூர் லஸ் பக்கம் ஒரு புத்தகக் கடைக்குப் போனேன். கல்லாவில் இருந்த அம்மாவிடம் படத்தைக் காட்டினேன்.

"இவர் எழுதினதுல புதுசா ஏதாவது வந்திருக்காம்மா?"

"யாருக்கு சார்?"

"மாமனாருக்கு. தீபாவளிக்குக் குடுக்கணும். கோயில், தேசம், பழைய முறைன்னு பேசுவாரு."

அந்த அம்மா படத்தை மறுபடி பார்த்தார். "அப்படின்னா நீங்க அந்த ரேக்கைப் பாருங்க சார். அங்கதான் அந்த மாதிரி புக்ஸ் இருக்கு."

விற்காததைத் தள்ளப் பார்க்கிறார் என்று நினைத்தேன். "இல்லம்மா. வீட்ல இவரு புக்கு பூரா கோடு போட்டு வெச்சிருக்காரு. நானே பாத்தேன்."

"அப்ப சரி. உங்க இஷ்டம் சார்."

என் கடைக்குத் திரும்பினபோது பக்கத்து டீக்கடைக்காரர் பொட்டலத்தைப் பார்த்தார்.

"இன்னா நைனா, புக்கெல்லாம் வாங்கினு வர்றே? எலெக்சன்ல நிக்கப் போறியா?"

"மாமனாருக்கு."

"அதான பாத்தேன். நீ இன்னாத்துக்குப் படிக்கப் போறே!"

தீபாவளி அன்று பதினொரு மணிக்குப் போனோம். சகலை முன்பே வந்துவிட்டார்; அவர் புத்தகம் குங்குமம் வாங்கியாகிவிட்டது. நான் என்னுடையதை நீட்டினேன். மாமனாருக்கு ஆச்சரியம். "நீங்களா மாப்ளே!" என்று காகிதத்தைப் பிரித்தார். அட்டையைப் பார்த்தார். புரட்டிப் பின்னட்டையையும் பார்த்தார். பூஜை அறைக்குப் போகவில்லை.

சகலை எட்டிப் பார்த்துச் சிரித்தார். "சகல, ஆள் மாறிப்போச்சே! மாமாவுக்கு இந்த ஆளைக் கண்டாலே ஆகாது. கோயில் சொத்தெல்லாம் அரசாங்கத்துக்குன்னு எழுதுறவரு."

உள்ளேயிருந்து மாமியார், "ஆசையா வாங்கிட்டு வந்திருக்காரு, விடுங்களேன்" என்றார். அது இன்னும் மோசமாக இருந்தது.

மாமனார் கேட்டார். "எதைப் பாத்து எடுத்தீங்க மாப்ளே?"

"சிவப்புப் பென்சில் நிறைய இருந்துச்சு மாமா. ரொம்பப் பிடிச்சுப் படிச்சிருக்கீங்கன்னு நெனச்சேன்."

"கோபம் வந்தா கோடு போடுவேன் மாப்ளே. அவன் சொல்ற ஒவ்வொண்ணுக்கும் ஓரத்துல பதில் எழுதுவேன்."

"சகலை குடுத்ததுல ஒரு கோடும் இல்லையே மாமா."

நான் வேண்டுமென்றேதான் கேட்டேன்.

"அதெல்லாம் நம்ம ஆளுங்க எழுதினது. தெரிஞ்ச விஷயம்தான. அதுல என்ன கோடு போடறது?"

சகலையின் சிரிப்பு கொஞ்சம் இறங்கியது. அதைப் பார்த்தேன். எனக்கு அது போதவில்லை.

சாப்பாடு முடிந்ததும் மாமனார் என் புத்தகத்தையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனார். அரை மணி கழித்து அங்கிருந்து சத்தம். "மாப்ளே! இங்க வாங்க. இந்த அநியாயத்தைப் பாருங்க!"

இரண்டு பேரும் எழுந்தோம். அவர் சகலையைத்தான் பார்த்தார். நான் உட்கார்ந்தேன்.

பட்டாசுச் சத்தத்துக்கு மேலே இரண்டு பேரும் கத்திப் பேசினார்கள். மாமனார் ஒரு வரியைப் படிப்பார், சகலை பதில் சொல்வார், மாமனார் கோடு போடுவார். அவ்வளவு நேரம் அவர்கள் பேசி நான் பார்த்ததில்லை. சகலை கொண்டுவந்த புத்தகம் பூஜை அறையில் இருந்தது. நான் வாங்கிக்கொடுத்ததை வைத்துக்கொண்டு அவர்கள் பேசினார்கள். டிவியில் ஏதோ படம். பார்த்தேன்.

கிளம்பும்போது மாமனார் லிஃப்ட் வரைக்கும் வந்தார். வழக்கமாக வர மாட்டார். வந்தார்.

"அந்தக் கடையில இந்த ஆளு எழுதினது இன்னும் இருக்கா மாப்ளே?"

"ஒரு வரிசையே இருக்கு மாமா."

"பொங்கலுக்கு ஒண்ணு கொண்டாங்க."

"சரி மாமா."

கீழே சகலை கார்க் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார்.

"எந்தக் கடை சகல? நானும் ஒரு நாள் போய்ப் பாக்குறேன்."

"தெருப் பேரு மறந்துபோச்சு சகல."

"மயிலாப்பூர்லயா?"

"ஞாபகம் இல்ல."

அவர் தலையாட்டிவிட்டு ஏறிக்கொண்டார். நான் வண்டியை எடுத்தேன். என் மனைவி பின்னால் உட்கார்ந்தாள்.

"லஸ்ஸுலதான வாங்குனீங்க? என்கிட்ட சொன்னீங்களே."

வண்டியை ஸ்டார்ட் செய்தேன்.