மச்சாள் ஓடிய வருடம்

குசினி ஹீட்டரின் மேல் காய்ந்துகொண்டிருந்த ஒரு நீல ரப்பர்த் தொப்பிதான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறது. நான் ஜெர்மனியின் ஹம் நகரத்துக்கு வந்து சேர்ந்த மறுநாள் காலை, ஏதோ சட்டிக்கு மூடுகிற உறையாக்கும் என்று அதை எடுத்து மடித்து அலுமாரிக்குள் வைத்துவிட்டேன். மச்சாள் வந்து தேடி எடுத்து, நீந்தும்போது தலையில் போடுவது என்று சொல்லி மறுபடியும் ஹீட்டரில் விரித்தார். அவர் என் அண்ணையின் மனைவி. ஊரில் பெண்கள் பாடசாலை ஒன்றில் விளையாட்டு ரீச்சராக இருந்தவர். இங்கே முதியோர் இல்லம் ஒன்றின் சலவை அறையில் வேலை செய்தார். அது எண்பதுகளின் கடைசிப் பகுதி. எங்கள் மூவருடைய அகதி விண்ணப்பங்களுக்கும் இன்னும் முடிவு வரவில்லை. விசாவைச் சில மாதங்களுக்கு ஒருமுறை நீட்டித் தந்தார்கள். அந்த நிலையில் ஒரு மனுஷி விடிய எழும்பி நீந்தப் போகிறாள் என்பது எனக்குப் பிடிபடவே இல்லை. அண்ணைக்கும் பிடிபடவில்லை என்றுதான் நினைக்கிறேன். சனம் என்ன கதைக்கும் என்று ஆரம்பத்தில் முணுமுணுத்தவர், பிறகு மச்சாளின் சைக்கிளுக்கு எண்ணெய் விடத் தொடங்கியிருந்தார்.

மச்சாளை இதற்குள் இழுத்துவிட்டவர் அந்த இல்லத்தின் தலைமைத் தாதி. நாங்கள் அவரைச் சிஸ்டர் என்போம். உயரமான, அதிகம் சிரிக்காத ஜெர்மன்காரி. நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் ஒரே நாளில் இடைவிடாமல் செய்கிற போட்டிக்கான கழகத்தில் அவர் உறுப்பினர். நெடுந்தூரப் போட்டி என்றால் நாலு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைந்த நீச்சல், நூற்றெண்பது கிலோமீட்டர் சைக்கிள், அதன்மேல் ஒரு முழு மரதன். தெற்கே நடக்கும் போட்டியில் முன்னுக்கு வருகிறவர்களுக்கு, அமெரிக்காவின் ஒரு தீவில் நடக்கும் உலகப் போட்டியில் இடம் கிடைக்கும். இதையெல்லாம் சிஸ்டர் எங்கள் குசினி மேசையில் இருந்துதான் சொன்னார். நான் மொழிபெயர்த்தேன்.

அன்று சிஸ்டர் மூன்று தேநீர்க் கோப்பைகளை வரிசையாக வைத்தார். முதலாவது இந்த வருடம், போட்டியை முடித்தால் போதும். இரண்டாவது அடுத்த வருடம், நேரத்தைக் குறைக்கலாம். மூன்றாவதில்தான் அந்தத் தீவைப் பற்றி யோசிக்க வேண்டும். இலக்கு 'ரியாலிஸ்டிஷ்' ஆக இருக்க வேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அந்தச் சொல்லுக்கு எனக்குத் தமிழ் வரவில்லை. நடக்கக்கூடியது என்று சொல்லிப் பார்த்தேன். சொன்ன பிறகு எனக்கே குழப்பமாகிவிட்டது. எங்களுக்கு நடந்ததில் எதை நாங்கள் நடக்கக்கூடியது என்று முன்னமே நினைத்திருந்தோம்? மச்சாள் எழும்பாமலே கையை நீட்டி மூன்றாவது கோப்பையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"எனக்கு இந்த வருஷம் மட்டும்தான் இருக்கு எண்டு சொல்லு."

சொன்னேன். சிஸ்டர் மற்ற இரண்டு கோப்பைகளையும் ஒதுக்கி வைத்தார். பிறகு கணக்கை வேறு விதமாகப் போட்டார். பெண்கள் மிகச் சிலரே இந்தத் தூரத்துக்கு வருகிறார்கள், அவர்களிலும் பலர் சைக்கிளில் வேகம் காட்டிவிட்டுக் கடைசியில் நடக்கிறார்கள் என்றார். ஒருவரையும் துரத்தக் கூடாது, மரதனின் கடைசிப் பத்துக் கிலோமீட்டரில் நடக்காமல் ஓட வேண்டும், இலக்கு அவ்வளவுதான். அதற்கு மச்சாள் ஓம் என்றார்.

விண்ணப்பத்துக்கு முடிவு வரும்வரை மாவட்ட எல்லையைத் தாண்ட எங்களுக்கு அனுமதி இல்லை. ஆகவே கால்வாய்க்கரைப் பாதையில் ஒரே தூரத்தைப் போவதும் திரும்புவதுமாக மச்சாள் சைக்கிள் ஓடினார். ஞாயிறுகளில் நான் பாலத்தடியில் வாழைப்பழத்தோடு நிற்பேன். நின்றுகொண்டு எதை வேண்டிக்கொள்வது என்று தெரியாமல் தவிப்பேன். தோற்றால் அவர் உடைந்துபோவார். வென்றாலோ, நாட்டைவிட்டு வெளியே போக முடியாதவருக்கு அந்த இடம் எதற்கு? ஒருநாள் இதைக் கேட்டும்விட்டேன். பழத்தை உரித்தபடியே, காற்று எதிர்ப்பக்கமாக அடிக்கிறது என்றார். 

போட்டிக்காக இரண்டு நாட்கள் வெளியே போக அனுமதி கேட்டபோது, பார்க்கப் போகிறீர்களா என்று அலுவலர் விசாரித்தார். ஓடப் போகிறேன் என்றார் மச்சாள். அலுவலர் அண்ணையைப் பார்த்தார், அண்ணை என்னைப் பார்த்தார். எப்படியோ அனுமதி கிடைத்தது.

போட்டியன்று கடும் வெயில். சிஸ்டர் சொன்னது போலவே, வேகமாகப் போனவர்கள் பின்னேரம் தலையைத் தொங்கப் போட்டு நடந்து வந்தார்கள். மச்சாள் முகத்தில் உப்புப் பூத்து, மெதுவாக, ஆனால் ஓடிக்கொண்டே வந்தார். என் முகத்தைப் பார்த்தார். யாரென்று தெரிந்த மாதிரி இல்லை. அப்படியே கடந்து போனார். பெண்களில் நாலாவது இடம். மூன்று பேருக்குத்தான் தீவில் இடம் என்றார்கள். எனக்குக் கவலையா ஆறுதலா என்று சொல்லத் தெரியவில்லை.

மறுநாள் மண்டபத்தில் பெயர் கூப்பிட்டபோது, முன்னால் வந்தவர்களில் ஒருத்தி தனக்கு விடுமுறை கிடைக்காது என்று மறுத்துவிட்டாள். அடுத்ததாக மச்சாளின் பெயரை எழுத்துக் கூட்டி வாசித்து, போக விருப்பமா என்று ஒலிவாங்கியில் கேட்டார்கள். மச்சாள் எழும்பி நின்று "யா" என்றார். மண்டபம் கைதட்டியது. சிஸ்டர் கண்ணைத் துடைத்தார். தட்டல் அடங்கிய பிறகு மச்சாள் மேசையடிக்குப் போய் ஏதோ மெல்லச் சொன்னார். அவர்கள் விளங்காமல் ஆளையாள் பார்த்துவிட்டு ஐந்தாவதாக வந்தவளைக் கூப்பிட்டார்கள்.

ரயிலில் நான் கேட்டேன், போக ஏலாது என்று தெரிந்தும் ஏன் ஓம் என்றீர்கள் என்று.

"கேட்டவங்கள்தானே. ஓம் எண்டு சொன்னால் எப்பிடி இருக்கும் எண்டு பாத்தன்."

எப்படி இருந்தது என்று கேட்பதற்குள் நித்திரையாகிவிட்டார்.

அடுத்த வருடமே எங்களை அகதிகளாக ஏற்றுக்கொண்டார்கள். இனி மூன்றாவது கோப்பை நிஜமாகவே உனக்கு இருக்கிறது என்று சிஸ்டர் வீடு தேடி வந்து சொன்னார். முழங்கால் நோகுது, ஏலாது என்று மச்சாள் முடித்துவிட்டார். சிஸ்டருக்கு அது கடைசிவரை விளங்கவில்லை. வைத்தியரிடம் மச்சாள் போனதாக எனக்கு ஞாபகம் இல்லை.

இப்போது எல்லோரிடமும் ஜெர்மன் பாஸ்போர்ட் இருக்கிறது. பேரப்பிள்ளைகளைப் பார்க்கக் கனடாவுக்குக்கூட மச்சாள் போய்வருகிறார். போன மாதம் பஸ் தரிப்பிடத்தில் இருந்தபோது, அந்தத் தீவுக்கு ஒருக்காப் போயிருக்கலாமே என்று மெல்லக் கதையை எடுத்தேன்.

"அங்கை போறதுக்கோ நான் ஓடினனான்?" என்றார்.

வேறு எதற்கு என்று கேட்க வாயெடுத்தேன். பஸ் எங்களைத் தாண்டிச் சற்றுத் தள்ளிப் போய் நின்றது. மச்சாள் கைப்பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடினார். முழங்கால் நோகிறவர் ஓடுகிற ஓட்டம் இல்லை அது.