சுத்தம் செய்யாத பலா

மல்லிகையில் அத்தர் இறக்குவதுபோலப் பலாப்பழத்தில் இறக்க முடியாது. காய்ச்சினால் மணம் செத்துப்போகும். சென்ட் புட்டிகளில் வருகிற பழ மணமெல்லாம் என்னைப் போன்றவர்கள் வேதிப்பொருள்களைச் சொட்டுச் சொட்டாகக் கலந்து உண்டாக்குவதுதான். மும்பையில் ஒரு நிறுவனத்தில் ஒன்பது வருடம் அந்த வேலை பார்த்தேன்.

ஒருமுறை பலா மணம் கேட்டு வெளிநாட்டு ஆர்டர் வந்தது. நான் குற்றாலத்தை ஒட்டிய மேலகரத்துக்காரி, பலா மணத்தில் வளர்ந்தவள். இது என் வேலை என்று ஆசையாகச் செய்தேன். மேலாளரும் தமிழர்தான். நான் கலந்ததைத் தோய்த்து நீட்டிய காகிதப் பட்டையை முகர்ந்து முகம் சுளித்தார்.

“அடியில வியர்வை வாடை அடிக்குது. எடுத்துடுங்க.”

“அது இல்லாட்டா பலா இல்ல சார்.”

“பழம் நாறலாம். சென்ட் நாறக்கூடாது.”

அவர் மூக்கு தப்பில்லை. வியர்வையில் இருக்கிற ஓர் அமிலம் பலாவிலும் உண்டு. அதை நீக்கி இன்னொன்று செய்தேன். சீசனுக்கு ஊருக்கு வந்தபோது இரண்டையும் எடுத்துக்கொண்டு, குற்றாலத்தில் நான் வழக்கமாகப் பழம் வாங்கும் அக்காவின் கடைக்குப் போனேன். சாரல் விழுந்துகொண்டிருந்தது. சுத்தமானதை முதலில் நீட்டினேன்.

“இது என்ன தங்கச்சி, பபிள்கம் கணக்கா மணக்கு?”

அடுத்ததை நீட்டினேன். முகர்ந்தவள் சட்டென்று சிரித்தாள்.

“பலா லோடு இறக்கிட்டு வந்தா எங்க வீட்டுக்காரரு சட்டையில இந்த மணந்தான் இருக்கும். எங்கன பிடிச்ச இத?”

குளிக்கப் போய்க்கொண்டிருந்த ஒருவர், எண்ணெய் வழிய நின்று, “பழம் அறுத்தாச்சா?” என்று கேட்டார். கடையில் அப்போது அறுத்த பழமே இல்லை.

மும்பை திரும்பியதும் கூட்டத்தில் அமிலம் நீக்காத அந்த ஒன்றை மட்டும் மேசையில் வைத்தேன்.

“சுத்தமான பலாதானே கேட்டோம்?” என்றார் மேலாளர்.

“அப்படி ஒரு பழம் கிடையாது சார்.”

வேலையை வேறொருவரிடம் கொடுத்தார்கள். அவர் செய்த மிட்டாய் மணம் பலா என்ற பெயரில் கடைக்கு வந்தது. அடுத்த மாதம் ராஜினாமாக் கடிதம் கொடுத்தேன்.

இப்போது தென்காசியில் ஒரு சின்ன அறையில் நானே கலந்து விற்கிறேன். போன வாரம் ஒரு பெண் பலா சென்ட் புட்டியைத் திருப்பி அனுப்பியிருந்தாள். அதைப் பூசிக்கொண்டு பஸ்ஸில் ஏறினாளாம். பக்கத்தில் இருந்தவர் எழுந்து போய்விட்டாராம். வருத்தம் தெரிவித்துப் பதில் எழுதினேன். ஆனால் அந்த அமிலத்தில் அரைச் சொட்டுக்கூட நான் குறைக்கவில்லை.