மோன்ஜியாவின் வழுக்காத முற்றம்

ஸ்ஃபாக்ஸ் நகரத்தில் டைல்ஸ் விற்கிற அத்தனை பேருக்கும் மோன்ஜியாவைத் தெரியும். கைப்பையில் ஒரு சோப்புக்கட்டி, ஒரு குப்பியில் ஆலிவ் எண்ணெய், துடைக்க ஒரு பழந்துணி. கடைக்குள் வந்ததும் முதல் வேலையாகச் செருப்பைக் கழற்றுவாள். அவள் தலை தெருமுனையில் தெரிந்தால் மூன்று கடைகளின் ஷட்டர் தானாகவே இறங்குமாம். ஒரு வியாபாரி டைல்ஸே வேண்டாமென்று மீன் விற்கப் போய்விட்டாராம். மீன் விஷயத்தில் பாதிதான் உண்மை. அவர் முன்பும் மீன்தான் விற்றுக்கொண்டிருந்தார்.

தொலைபேசி நிலையத்தில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தவள். ஊரில் யார் குரலை யார் காதில் போடுவது என்பது அவள் விரல் நுனியில் இருந்த காலம் அது. நீ ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று கேட்டவர்களிடம், என் லைன் எப்போதும் பிஸியாக இருந்தது என்பாள். இப்போது வீட்டிலிருக்கும் ஒரே போன் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மட்டும் அடிக்கும். கடல் தாண்டி லியோனில் இருக்கும் தங்கை தலீலா.

அப்பா விட்டுப்போன வீட்டில் ஐந்து அறைகள், நடுவில் முற்றம், முற்றத்தில் ஓர் எலுமிச்சை மரம். தலீலாவும் அவள் கணவர் ஃபெத்ஹியும் ஆகஸ்டு முழுக்க அங்கேதான் தங்குவார்கள். அந்த ஒரு மாதம் வீட்டில் எல்லாக் கதவுகளும் திறந்திருக்கும். மீதிப் பதினொரு மாதம் இரண்டு கதவுகள் போதும்.

போன கோடையில்தான் அந்தத் தப்பு நடந்தது. தங்கை அசந்துபோக வேண்டுமென்று கூடத்திலும் முற்றத்திலும் ஒரே வெள்ளை போர்சலைன் டைல்ஸை, பளபளப்பாக மெருகேற்றியதாகப் பார்த்துப் போட்டாள். குனிந்தால் முகம் தெரியும். இது வீட்டுக்குள் போடுகிற சாமான், வானம் பார்த்த இடத்துக்கு ஆகாது என்று கடைக்காரர் லசாத் தலைப்பாடாக அடித்துக்கொண்டார். கேட்டால்தானே. விருந்தாளி வருகிற காலையில் முற்றத்தைச் சோப்புத்தண்ணீர் ஊற்றிக் கழுவாத வீடு அந்தத் தெருவில் கிடையாது. மோன்ஜியா இரண்டு வாளி கூடுதலாகவே ஊற்றினாள். முதலில் வீட்டுப் பூனை வாசலில் காலை வைத்து, வழுக்கிக்கொண்டே எலுமிச்சை மரத்தில் போய் முட்டி நின்றது. அன்றிலிருந்து அது மதில்மேல்தான் நடக்கிறது. இரண்டாவதாகப் பெட்டியோடு நுழைந்தது தலீலா.

மணிக்கட்டு இரண்டாக முறிந்தது. ஃபெத்ஹி ஒரு வார்த்தையும் கடிந்து பேசவில்லை. கடற்கரை ஹோட்டலில் அறை போட்டார், நான்காம் நாள் மனைவியை விமானத்தில் ஏற்றிக் கூட்டிப்போய்விட்டார். பாதாம் இனிப்பு மூன்று தட்டு நிறைய மீந்தது. மோன்ஜியா அதைத் தனியாகச் செப்டம்பர் வரைக்கும் தின்றாள்.

குளிர்காலம் வந்ததும் கைப்பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். தலீலா காலை வைத்தால் கால் வைத்த இடத்தில் நிற்க வேண்டும், திரும்பவும் ஒரு மாதம் தங்க வேண்டும். அவ்வளவுதான் கணக்கு. மாதிரி டைலைத் தரையில் வைத்துச் சோப்பு தேய்த்து, எண்ணெய் சொட்டி, ஏறி நின்று இடுப்பை இப்படியும் அப்படியும் ஆட்டிப் பார்ப்பாள். கடையில் இருந்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். லசாத் மட்டும் சிரிக்கவில்லை. அவளை மரியாதையாக லல்லா என்றுதான் கூப்பிடுவார்.

"ஐரோப்பால இதே வேலைக்கு ஆள் வெச்சு, எண்ணெய ஊத்தி, சரிவுல நடக்கவிட்டுப் பாக்குறாங்க லல்லா. நீங்க சம்பளமே இல்லாம பாக்குறீங்க."

"பேசாம அந்தச் சொரசொரப்ப எடுத்துப் போடு. உன் பேச்சுதான் வழுக்குது."

பதினேழாவது மாதிரியில் கால் நின்றது. மணல் நிறம். ஒரே நிறத்தில் இரண்டு வகை: கூடத்துக்கு மெருகில்லாத மழமழப்பு, முற்றத்துக்குச் சொரசொரப்பு. ஈரக்காலோடு உள்ளே வந்தாலும் பயமில்லை, பார்வைக்கும் இரண்டும் ஒரே தரையாக ஓடும். ஆனால் சொரசொரப்பு அழுக்கைச் சீக்கிரம் விடாது, வைப்பர் போட்டுத் தள்ளினாலும் தண்ணீர் நகர அழும் என்று லசாத் எச்சரித்தார். இந்தத் தடவை அவள் முழுதாகக் கேட்டுக்கொண்டாள். கேட்டுவிட்டு, அதையே வாங்கினாள்.

ஜூன் மாதத்து ஞாயிறு. வேலை முடிந்து ஒரு வாரமாகியிருந்தது. தலீலா அழைக்கும் நேரத்துக்கு முற்றம் முழுக்கச் சோப்புத்தண்ணீர் ஊற்றி, போனை எலுமிச்சை மரத்தடியில் சாய்த்து வைத்தாள். திரையில் தங்கை முகம் வந்ததும், பாருடி என்று சொல்லிவிட்டு, பாவாடையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகி, அறுபத்தைந்து வயதில் வாசலிலிருந்து சமையலறை வரை ஓடினாள். திரும்பவும் ஓடினாள். நடுவில் குப்பி எண்ணெயையும் கவிழ்த்துவிட்டு மூன்றாம் தடவை ஓடினாள். பூனை மதில்மேல் உட்கார்ந்து பார்த்தது.

தலீலா சிரிப்பாள் என்று நினைத்தாள்.

"அக்கா, நிறுத்து. நீ விழுந்தா அங்க தூக்கிவிட யாரு இருக்கா?"

இத்தனை மாதத்தில் மோன்ஜியாவுக்கு இந்தக் கேள்வி தோன்றவே இல்லை. விழுகிற ஆள் தலீலா என்றுதான் அவள் எல்லா டைலையும் மிதித்துப் பார்த்தாள்.

"நான் ஏன்டி விழறேன்? அதான் பாத்தியே." மூச்சு வாங்கியது. "ஆகஸ்ட்ல வர்றதானே?"

"வர்றோம்க்கா. ஆனா அவர் ஹோட்டல்ல ரூம் போட்டுட்டார். என் கை விஷயத்துல ரொம்பப் பயந்துட்டார், நான் சொன்னாலும் கேக்கல. பகல்ல வர்றேன். தினமும் வர்றேன்."

"மத்தியானத்துக்கு மீன் செய்யறேன்."

"செய்யி."

"செருப்ப வாசல்லயே விட்டுட்டு வா. வெறுங்கால்ல நடந்தாதான் தெரியும்."

சரி என்றாள் தலீலா. திரை அணைந்தது. முற்றத்தில் நுரை அப்படியே நின்றது. மோன்ஜியா பாவாடையை இறக்கிவிட்டு வைப்பரை எடுத்தாள். லசாத் சொன்னது சரிதான், ரப்பர் ஒவ்வொரு டைலிலும் சண்டை பிடித்தது. பழைய வெள்ளைத் தரையில் பத்து நிமிடத்தில் முடிகிற வேலை, இதில் ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். அவள் வாசல் பக்கத்திலிருந்து தள்ளத் தொடங்கினாள். அவளுக்கும் வேறு வேலை இல்லை.