பிலோமினா அக்கா கொண்டுபோன டம்ளர்

சாமி விளக்கை ஏற்றும்போது கைபேசி அடித்தது. பிலோமினா அக்காவின் மகள் அனிதா. டெல்லியிலேயே பிறந்தவள், அழுகையில் தமிழ் வரவில்லை. "ஆன்ட்டி, மம்மி நஹீ ரஹீ… நீங்க ஜல்தி வாங்க" என்றாள். அக்கா இறந்துவிட்டார். கையிலிருந்த தீக்குச்சி சுட்ட பிறகுதான் கீழே போட்டேன்.

மோதி பாக் குடியிருப்பில் அக்காவைத் தெரியாதவர் யார்? தூத்துக்குடிக்காரர், மருத்துவமனைச் செவிலியர். எங்களில் பாதிப் பேருக்கு ஊசி போட்டவர். எனக்கு எதிர்வீட்டு அக்கா. வருடக்கணக்காக அவர் வீட்டுக்கு என் டம்ளரை எடுத்துக்கொண்டுதான் போவேன். பிறந்த வீட்டு ஆசாரம் அப்படி. என் பெயர் வெட்டிய அந்த டம்ளரில், ஒரு வார்த்தை சொல்லாமல், டீயை ஊற்றித் தருவார்.

ஒரு வருடம் பூரி ஜகந்நாதரைப் பார்ப்பதாக வேண்டியிருந்தேன். கணவருக்கு லீவு கிடைக்கவில்லை. சென்னை ரயிலைத் தவிர வேறெதிலும் ஏறியறியாத எனக்குக் கைகால் ஓடவில்லை. "நான் வாரேன்ட்டி. கடல பாத்து நாளாச்சு" என்றார் அக்கா.

வேளைக்கு இத்தனை இட்லி என்று எழுதி ஒட்டிப் பொட்டலம் கட்டினேன். அக்கா வெறுங்கையோடு வந்தார். ஏசி வேண்டாம் என்றதும் அவர்தான். "அதுல போனா எந்த ஊரு மண்ணும் மூக்குல ஏறாது." கான்பூர் தாண்டியதும் இருபுறமும் கடுகுப்பூ மஞ்சள். எதிர் சீட்டில் கயாவுக்குப் போகும் ஓர் அம்மாள், கோதுமை மாவில் சுட்ட லிட்டி உருண்டைகளை எங்களிடம் நீட்டினார். நான் விரதம் என்று பொய் சொன்னேன். அக்கா இரண்டு பங்கையும் தின்றுவிட்டு, "உன் விரதம் நல்லா ருசியா இருந்துச்சு" என்றார். மறுநாள் காலை தென்னையும் குளமுமாக ஒடிசா வந்தது. ஏதோ நம் ஊருக்கே வந்துவிட்டதுபோல் இருவரும் ஜன்னலில் ஒட்டிக்கொண்டோம்.

கோயில் வாசலில், இந்துக்களுக்கு மட்டும் என்ற பலகை.

"வாங்கக்கா, யாருக்குத் தெரியப்போகுது?"

"உன் சாமி வீட்டுக்குள்ள பொய் சொல்லிட்டா நுழையச் சொல்லுத? போயிட்டு வா. செருப்ப நான் பாத்துக்கிடுதேன்."

தரிசனம் முடிந்து மண்சட்டியில் மகாபிரசாதத்தோடு வந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒடியாக்காரப் பாட்டி, இந்தச் சோற்றுக்கு எச்சில் கிடையாது, யாரானாலும் ஒரே இலையில் சாப்பிட வேண்டும், அதுதான் இங்கே முறை என்று இந்தியில் சொன்னார். இலையை எங்கள் நடுவில் விரித்தேன். அக்கா நீட்டிய கையை இழுத்துக்கொண்டார். "நீ முதல்ல தனியா எடுத்து வச்சுக்க."

அத்தனை வருடமும் அவர் கவனித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். "நீங்க முதல்ல சாப்பிடுங்கக்கா" என்றேன். அவர் கை வைத்த இடத்திலேயே நானும் கை வைத்தேன்.

டெல்லி திரும்பியதும் என் டம்ளரை அவர் வீட்டு அலமாரியிலேயே விட்டுவிட்டேன். அவர் அதைப் பார்த்தார், சிரித்தார், அவ்வளவுதான்.

அதன்பின் வீட்டுப் பொறுப்பு என்னைக் கட்டிப்போட்டது. அவர் குவாஹாட்டி, அமிர்தசரஸ் என்று போய்க்கொண்டே இருந்தார். ஒவ்வொரு முறையும், "வேளாங்கண்ணிக்கு ஒருக்கா எங்கூட வாட்டி. எங்க மாதா உன்ன வாசல்ல நிறுத்த மாட்டா" என்பார். "அடுத்த வருஷம்க்கா" என்பேன்.

அடக்கம் முடிந்த மறுநாள் அனிதா அந்த டம்ளரைக் கொண்டுவந்தாள். அதன் விளிம்பு நசுங்கியிருந்தது.

"இதுல தமிழ்ல என்ன எழுதியிருக்கு ஆன்ட்டி? எந்த டிரெயின்ல போனாலும் மம்மி இத எடுத்துட்டுப் போவாங்க. பக்கத்துல இருக்கிறவங்களுக்கெல்லாம் இதுலதான் தண்ணி கொடுப்பாங்க."

என் பெயர் என்று சொன்னேன்.

பூரிக்குப் பின் வீட்டு வாசலைத் தாண்டாத நான், யார் யார் கையிலோ நாடு முழுக்கப் போய் வந்திருக்கிறேன். அக்காவிடமிருந்து என்னிடம் இருப்பது அந்த நசுங்கிய டம்ளர்தான். வேளாங்கண்ணிக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன், ஏசி இல்லாத பெட்டியில். எதிர் சீட்டில் யார் உட்கார்ந்தாலும் முதல் தண்ணீர் அவர்களுக்கு, இந்த டம்ளரில். பிறகு, கழுவாமல், எனக்கு.